ஏழு வாசல் கோட்டையும் என் தொண்டையும்

என் அண்ணன் பவர் மெட்டல் வாசிக்கிறான் என்று வேலை செய்யும் இடத்தில் முதன்முதலில் சொன்னபோது, பக்கத்து மேசை அக்கா, “வெல்டிங் பட்டறையா வச்சிக்கினு இருக்காரு?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது யோசித்தால் ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். பட்டறையிலாவது கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஐரோப்பாக்காரர்கள் வளர்த்த ஒரு வகை ராக் இசை. கிட்டார் குதிரை மாதிரி ஓடும். டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு காலாலும் இரண்டு பெரிய டிரம்மை விடாமல் உதைத்துக்கொண்டே இருப்பார். அதற்கு மேல் கீபோர்டில் வயலின் கூட்டம், மணியோசை, நூறு பேர் சேர்ந்து பாடுவது போன்ற முழக்கம். அத்தனைக்கும் மேலே, உச்சாணியில், ஒரு குரல். அந்தக் குரல் கீழே இறங்கக் கூடாது. பாட்டில் வருவதெல்லாம் ராஜா, வாள், சாபம், டிராகன், உலக அழிவு. ஒரு பாட்டிலாவது யாராவது கடைக்குப் போய் அரைக் கிலோ வெங்காயம் வாங்கிவந்ததாக நான் கேட்டதில்லை.

அந்த இசையை நான் வெறுக்கிறேன். பேருந்தில் யாரோ போனில் அதைச் சத்தமாகப் போட்டார்கள் என்று விக்கிரவாண்டியிலேயே இறங்கி, அடுத்த வண்டிக்கு வெயிலில் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் அது எனக்கு உயிராக இருந்தது. அதை மறைத்துவிட்டு வெறுப்பை மட்டும் எழுதினால் இது பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு திண்டிவனத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். கோயில் என்று நாங்கள் சொல்வது மாதா கோயிலை. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டிலிருந்தபடியே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக் கொடுப்பாள். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். கோயிலில் இருந்த பழைய கீபோர்டில் அவன் தானாகவே கற்றுக்கொண்டான். நான் எட்டாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் பதிலுரைப் பாடல் பாடினேன். எனக்கு மேல்சுருதி எளிதாக வரும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிலருக்குக் காது அசைக்க வருவதைப் போல எனக்கு அது வந்தது.

பிளஸ் டூ முடித்த கோடையில், விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனேன். பாலிடெக்னிக் முடித்திருந்த அண்ணன் அங்கே பைக் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தான். இருவரும் ஒரே பேருந்தில் போனோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினான்.

“கேளு. பேசாத.”

முதலில் இரைச்சலாக இருந்தது. பிறகு டிரம்ஸ் வந்தது. பேருந்தின் இன்ஜினைவிட வேகமாக ஏதோ ஒன்று என் விலா எலும்புக்குள் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் ஒரு பெண் பாடினாள். என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை. ஒரு படி ஏறினாள், இன்னொரு படி, இதற்கு மேல் இடமில்லை என்று நான் நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஒரு படி. கை முடியெல்லாம் எழுந்து நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினாள்.

“உன்னால இத்த பாட முடியும்,” என்றான் அண்ணன்.

“போண்ணா.”

“நெசமாத்தான் சொல்றேன். உன் தொண்டை அதுக்குன்னே செஞ்சது.”

வேலை கிடைத்தது. அன்று சாயங்காலமே வீட்டில் அடுப்பங்கரையில் நின்று அந்த ஏற்றத்தைப் பாடிப் பார்த்தேன். பின்கட்டில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு ஓடி வந்தாள்.

“இன்னாடி ஆச்சி? எவன்னா செத்துட்டானா?”

அண்ணன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த இசையின் ருசி எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ஓரமாக நிற்கிற வாழ்க்கை. ஆலை முதலாளியின் கார் வந்தால் அப்பா மூட்டையோடு ஒதுங்கி நிற்பார். கல்லூரியில் விழா என்றால் என் அண்ணனைத்தான் பெஞ்சு தூக்கக் கூப்பிடுவார்கள், மேடையில் ஏற வேறு பையன்கள் இருப்பார்கள். சர்வீஸ் சென்டரில் அவனைவிடச் சின்னப் பையன்கள் பைக் சாவியைத் தூக்கி எறிவார்கள், அவன் பிடித்துக்கொள்வான். அந்தப் பாட்டுகளில் மட்டும் யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்வதில்லை. கேட்கிற ஆறு நிமிடமும் நீதான் ராஜா, குதிரை உன்னுடையது, மலை உச்சியில் நிற்பது நீ. அந்த ஆறு நிமிடத்துக்காக மனிதன் எதையும் கொடுப்பான். என் அண்ணன் என்னைக் கொடுத்தான்.

இரண்டு வருடத்தில் அவன் ஒரு குழு சேர்த்துவிட்டான். வளவனூரில் செல்போன் கடை வைத்திருந்த ஒருவர் கிட்டார். கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த, நாற்பதைத் தாண்டிய ஒருவர் டிரம்ஸ். அண்ணன் கீபோர்டு. நான் குரல். பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்கவில்லை. அதையும் அண்ணன் கணினியிலேயே சேர்த்துக்கொண்டான். பயிற்சிக்கு, கெடார் பக்கத்தில் கிட்டார்காரரின் மாமா வைத்திருந்த கோழிக் கொட்டகை. கோழிகள் ஏதோ சீக்கு வந்து போன பிறகு அது சும்மா கிடந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினோம். அப்படியும் போனது. சுற்றிலும் கரும்பு, கரும்புக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து வாசலில் நின்றார்.

“தம்பி, நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க. கறக்குற நேரத்துல மட்டும் வாணாம். மாடு காலத் தூக்குது.”

அண்ணன் அவரிடம் பணிவாகத் தலையாட்டினான். அவர் போனதும் எங்களிடம் திரும்பி, “கேட்டீங்களா? மாட்டுக்கே பவர் தெரியுது,” என்றான்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது தனிப் பாட்டுகள் இல்லை, ஒரு முழு ஆபரா, பாட்டாலேயே நடக்கும் நாடகம். கடலுக்கு அடியில் மூழ்கிப்போன ஏழு வாசல் கோட்டை. அதைக் காக்கும் ராணி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சாபம். ஏழாவது வாசலில் தூங்கும் நாகம். ராணி சூரியனைக் கூப்பிட்டு அந்த நாகத்தை எரிக்க வேண்டும். ஒரு வாசலுக்கு ஒரு பாட்டு. முதல் பாட்டு ஆறு நிமிடம் என்று ஆரம்பித்தது. பயிற்சி போகப் போக அது ஒன்பது நிமிடமாயிற்று. நான்காவது வாசலுக்கு வந்தபோது பதினைந்து. நடுவில் மூன்று நிமிடம் அவன் மட்டும் கீபோர்டு வாசித்தான், அதற்குப் ‘புயல்’ என்று பெயர். பிறகு கிட்டார்காரர் தனக்கும் ஒரு புயல் வேண்டும் என்றார். கொடுத்தான். கூட்டுப்பாடலுக்கு என் குரலையே பதினாறு முறை பதிவு செய்து அடுக்கினான். அது போதாதென்று பூசைப் புத்தகத்தில் இருந்த லத்தீன் சொற்களை அர்த்தம் பார்க்காமல் பிய்த்துப் போட்டு ஒரு போர் முழக்கம் எழுதினான். ஒருநாள் அர்த்தம் தேடிப் பார்த்தேன். ராணி படையெடுக்கும் இடத்தில் நாங்கள் ஆவேசமாக ‘தினசரி அப்பம், தினசரி அப்பம்’ என்று கத்திக்கொண்டிருந்தோம்.

அதைச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. “யாருக்குப் புரியப்போவுது? கேக்க பெருசா இருக்குதா இல்லியா?”

கேட்கப் பெரிதாக இருக்க வேண்டும். அதுதான் அவனுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில். மெதுவாக ஒரு பாட்டு இருக்கலாமே என்று டிரம்ஸ்காரர் கேட்டார். அவர் பொறுமைசாலி. எத்தனையோ கல்யாண மேடையில் யார் யாரோ கேட்ட பாட்டையெல்லாம் வாசித்தவர்.

“தம்பி, எனக்கு ரெண்டு காலுதான் இருக்குது. அஞ்சாவது வாசலாண்ட வரும்போதே மரத்துப்பூடுது.”

“ஒரு மெதுவான பாட்டு ஆறாவதுல இருக்குதுண்ணா.”

“எங்க இருக்குது?”

“முதல் நிமிஷம்.”

அந்த ஒரு நிமிடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீபோர்டில் நான்கே சுரம், மேலே நான். ராணி தன் தாயை நினைக்கும் இடம். பிறகு டிரம்ஸ் இடித்துக்கொண்டு நுழையும், தாய் போய்விடுவாள், மறுபடியும் குதிரை. அந்த இசையிடம் எனக்கு முதலில் வந்த கசப்பு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். எதையும் அது இருக்கிற அளவில் இருக்கவிடாது. துக்கம் வந்தால் உலகமே அழ வேண்டும். சந்தோஷம் வந்தால் வானம் பிளக்க வேண்டும். கடைசிப் பல்லவியை ஒரு சுருதி ஏற்றிப் பாட வேண்டும். ஏற்றியதும், இன்னும் ஒன்று ஏற்றினால் என்ன என்று தோன்றும். அவனுக்குத் தோன்றும். ஏற வேண்டியது என் தொண்டை.

ஏழாவது வாசலின் முடிவில் ராணி சூரியனைக் கூப்பிடுகிறாள். ஒரே சுரம், எட்டுத் தாளம் நிற்க வேண்டும். முதலில் எட்டு. பிறகு பன்னிரண்டு. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பதினாறு, அதுவும் ஒரு படி ஏற்றி.

நான் மருத்துவமனையில் செய்த வேலை பெயர் கூப்பிடுவது. காலை எட்டரையிலிருந்து கூடம் நிறைந்திருக்கும். காணை, கெடார் என்று சுற்று ஊர்களிலிருந்து வரும் வயதானவர்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்திருப்போம். அவர்களின் பெயரைக் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பெயராவது இருக்கும். அதோடு ஞாயிறு காலை கோயில், மதியம் கொட்டகை. திங்கட்கிழமைக் காலைகளில் என் குரல் அட்டையைக் கிழிக்கிற மாதிரி வர ஆரம்பித்தது. மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர் என்று அம்மா கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

“தொண்டை எரியுதுண்ணா. கடைசிச் சுரத்த பழைய எடத்துலயே வச்சிக்கலாம்,” என்றேன்.

“ஒரே ஒரு வாட்டி பாடு. பதிவு பண்ணிக்கிறேன். கேட்டுட்டு நீயே சொல்லு.”

அந்த ஒரு வாட்டி பதினோரு வாட்டி ஆனது. பதினோராவதில் வந்தது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது, டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். திரும்பப் போட்டுக் கேட்டபோது அது நான்தான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். அண்ணன் என் தலையில் கை வைத்தான். சரி, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நிகழ்ச்சிக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணி. முந்தைய நாள் கல்யாணம் நடந்த மேடை. மாப்பிள்ளை, பெண் பெயர்களின் தெர்மாகோல் எழுத்துகளை எடுக்க மண்டபத்து ஆள் வரவில்லை. அவற்றின் மேல் கறுப்புத் துணி போட்டோம். அண்ணன் சிவப்பு வெல்வெட்டில் தரை வரை ஓர் அங்கி தைத்துக்கொண்டான். தையல்காரர் அது கோயிலில் கிறிஸ்து அரசர் சுரூபத்துக்குச் சாத்த என்று நினைத்து, ஓரத்தில் ஜரிகையும் வைத்துக் கொடுத்திருந்தார். அண்ணனுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. எனக்கு வெள்ளை கவுனும் தங்கக் காகித கிரீடமும். புகை இயந்திரம் ஒன்று. வாடகைக்குக் கொடுத்தவர் அதைக் குறைக்கும் திருகு வேலை செய்யாது என்று கடைசி நேரத்தில் சொன்னார்.

அறுபது, எழுபது பேர் வந்திருப்பார்கள். முன் வரிசையில் அப்பா, அவரோடு ஆலையில் வேலை செய்தவர்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கோயிலிலிருந்து சில பெண்கள். பின்னால் புதுச்சேரியிலிருந்து வந்த கறுப்பு டி-ஷர்ட் பையன்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். என்னிடம் காட்டிச் சிரித்தாள்.

முதல் வாசல், இரண்டாம் வாசல். புகையில் எனக்கு அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. நான்காம் வாசலில் புதுச்சேரிப் பையன்கள் எழுந்து முடியைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். ஆலைக்காரர்கள் திரும்பித் திரும்பி அவர்களையே பார்த்தார்கள். நான் பயந்த அளவுக்குத் தொண்டை மோசமாக இல்லை. ஆறாவதின் முதல் நிமிடத்தை மட்டும் எனக்காகப் பாடிக்கொண்டேன்.

ஏழாவதின் முடிவு வந்தது. கையைத் தூக்கினேன். மூச்சை இழுத்தேன். சுரத்தைப் பிடித்தேன். மூன்று தாளம் நின்றது. நான்காவதில், வலியே இல்லாமல், உள்ளே ஒரு நூல் அறுந்த மாதிரி ஏதோ நடந்தது. குரல் போய்விட்டது. கரகரப்பு, உடைசல் ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

ஆனால் மண்டபத்தில் குரல் நிற்கவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு. என் குரல் என் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பதிவு செய்த அந்தப் பதினோராவது முறை. நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் ஒரு கையால் கீபோர்டு வாசித்தபடி மறு கையின் விரல்களைத் தன் வாய்க்கு முன்னால் திறந்து மூடிக் காட்டினான். வாயசை. அவன் முகத்தில் பதற்றமே இல்லை.

நான் வாயசைத்தேன். இன்றுவரை அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. கிரீடத்தோடு, புகைக்கு நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு, பதினாறு தாளம் முடியும்வரை என் குரலுக்கு நான் வாயசைத்தேன். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. ஆலைக்காரர்கள் விசில் அடித்தார்கள். அப்பா அழுதுகொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும் அவர்தான் முதலில் வந்தார். “நல்லா இருந்துச்சி பாப்பா. கொஞ்சம் சத்தம்,” என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் முகம் மாறியது. அவருக்குப் பின்னால் அண்ணனைச் சுற்றிப் பையன்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விழுப்புரத்தில் தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய குரல் நாண்களில் ஒன்று, அடிபட்ட நகம் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது. உள்ளே இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார். வயதில் மூத்த பெண்மணி.

“பேசக் கூடாது. ரகசியமாக்கூடப் பேசக் கூடாது. இருமல் வந்தாக்கூட அடக்கப் பாருங்க. மூணு வாரம் கழிச்சி வாங்க.” பிறகு அம்மாவிடம், “ஏம்மா, அப்படி என்ன பாடினாங்க?” என்று கேட்டார்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். “சூரியன கூப்ட்டாளுங்க டாக்டர்,” என்றாள்.

கண் மருத்துவமனையில் என் வேலையை உடனே எடுத்துவிடவில்லை. பெயரை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். முதல் நாளே அது நடக்காதென்று தெரிந்துவிட்டது. சொட்டு மருந்து விட்ட கண்ணால் யார் அட்டையைப் படிப்பார்கள்? நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க, நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சத்தமாவது வருமா என்று காத்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுச் சீட்டைப் பார்த்து அழைத்துப் போனேன். சிலர் பயந்து உதறினார்கள். ஒரு வாரத்தில் என்னைப் பின்னறையில் ஃபைல் அடுக்கப் போட்டார்கள்.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. அந்த நாட்களில் டிரம்ஸ்காரர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்மா. வாசிக்கறப்ப எனக்குக் காதுல ஹெட்போன் போட்டிருப்பாங்க இல்ல, தாளத்துக்கு? அதுல உன் கொரலு முதல்லேர்ந்தே ஓடிக்கினு இருந்துச்சி. ஒத்திகையிலயே. எதுக்கு தம்பி இதுன்னு கேட்டேன். அவளுக்குத் தாங்காதுண்ணா, ஒரு பாதுகாப்புக்குன்னு சொல்லுச்சி.”

நான் நோட்டை எடுத்து எழுதினேன்: தாங்காதுன்னு தெரியுமா?

“தெரியும்னுதான் சொல்லுச்சி.” எழுந்து கும்பிட்டார். “நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்.”

அவர் அதன் பிறகு அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை.

அதற்குள் அண்ணன் விழுப்புரத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒரு சனிக்கிழமை மதியம் லேப்டாப்போடு வந்தான். நிகழ்ச்சியின் காணொளியை இணையத்தில் போட்டிருந்தான். எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினான். ராணி என்று எழுதியிருந்தார்கள். நெருப்புப் படங்களும் கிரீடப் படங்களும் போட்டிருந்தார்கள்.

“பாத்தியா? பிரேசில்லேர்ந்துல்லாம் எழுதறாங்க. எல்லாரும் அந்தக் கடைசிச் சுரத்தத்தான் சொல்றாங்க.”

நோட்டில் எழுதினேன்: எடுத்துடு.

“இன்னாத்துக்கு?”

மறுபடி எழுதினேன்: நான் பாடல.

“நீதான் பாடின. வேற யாரு பாடினா? அன்னிக்கி பாடினத இன்னிக்கிப் போட்டேன், அவ்ளோதான். மேடையில நீ அந்த மாதிரி நின்னுட்டா இத்தன நாள் உழைப்பும் பாழு. அத்தன பேரு முன்னாடி உன் மானத்தக் காப்பாத்தினேன்.”

தாங்காதுன்னு தெரிஞ்சும் ஏன் ஏத்துன?

அவன் அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“எறக்கினா அது அதுவா இருக்காது,” என்றான். “உனக்குப் புரியும்னு நெனச்சேன்.”

புரியாமல் இல்லை. அதனால்தான் கோபம் வந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பிறந்ததிலிருந்து நாங்கள் போட்ட சண்டை எல்லாம் கத்திப் போட்டவைதான். பேனாவால் எப்படிக் கத்துவது? நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பக்கம் கிழியும்வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தேன்.

அம்மாதான் பேசினாள். சத்தமில்லாமல்தான் பேசினாள். “அவ ஊமையா குந்திக்கினு இருக்கா. நீ அவ பாடறத அவளுக்கே போட்டுக் காட்டிக்கினு இருக்கற. எந்திரி. சாப்பிட வேணாம், போ.”

சாப்பிடாமல் போனான். எங்கள் வீட்டில் யாரையும் அதற்கு முன் அப்படி அனுப்பியதில்லை.

குரல் திரும்பி வந்தது. ஆனால் போன குரல் வரவில்லை. மருத்துவர் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்று அனுமதித்த நாளில் நான் முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன். யாரோ வேறு பெண் கூப்பிட்ட மாதிரி அவள் திரும்பிப் பார்த்தாள். மேலே இருந்த படிகள் எல்லாம் போய்விட்டன. இப்போது கோயிலில் மூன்றாவது வரிசையில் நின்று கீழ்க்குரலில் பாடுகிறேன். கல்யாணப் பூசைகளில் யாராவது தனியாகப் பாடச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடுவேன். ஃபைல் அறையிலிருந்து திரும்பிப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் அங்கே மைக் வைத்துவிட்டார்கள்.

அண்ணனோடு ஒரு வருடம் பேசவில்லை. பிறகு அப்பாவுக்கு முதுகுத் தண்டில் வலி வந்து படுத்தபோது பேச வேண்டியதாயிற்று. அவர் ஆலைக்குப் போவதை நிறுத்தினார். மாத்திரை, ஸ்கேன், யார் எந்த நாளில் அழைத்துப் போவது என்று பேசினோம். நல்ல மகன் அவன். அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பான். அதைப் பார்க்கும்போது என் கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது. காணொளியை அவன் எடுக்கவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. எப்போதாவது அது எனக்கே வந்து சேர்கிறது. தோழி ஒருத்தி அனுப்புவாள், இது நீதானே என்று. இல்லை என்று பதில் போடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பிரியாணி தம் போட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டாம் பாகம் எழுதி முடித்துவிட்டானாம். பன்னிரண்டு வாசல். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

“பயப்படாத. உன்ன கூப்ட வரல. பாட ஆளே தேவையில்ல இப்ப. கம்ப்யூட்டரே பாடுது. வரிய எழுதிக் குடுத்தா போதும், எந்தச் சுருதி வேணுமோ அந்தச் சுருதி. களைக்காது. வலிக்காது.”

போனில் போட்டான். ஒரு பெண் குரல். யாருடையதும் அல்லாத குரல். ஏறியது, ஏறியது, நான் ஒருநாளும் தொடாத இடங்களையெல்லாம் சாதாரணமாகத் தாண்டி ஏறியது. ஒரு முழு வாசலும் கேட்டேன். தவறு ஒன்றும் இல்லை. அந்த இசை முதல் நாளிலிருந்து கேட்டது இதைத்தான் என்று தோன்றியது. உடம்பு இல்லாத ஒரு தொண்டை. பாடுகிற நாங்கள் அதுவரை தற்காலிக ஏற்பாடாக இருந்திருக்கிறோம்.

“எப்டி இருக்குது?” என்றான். அவன் கண்ணில் அதே பழைய ஆசை.

“எங்கயுமே மூச்சு வுடலண்ணா,” என்றேன்.

“ஆமாம் இல்ல!” அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அதான் பாரு! எவ்ளோ நேரம் வேணா நிக்கும்!”

நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். புரிந்தும் அப்படிச் சொன்னானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அம்மா உள்ளேயிருந்து தம் பிரிக்க ஆள் கேட்டாள். அவன் போனை நிறுத்திவிட்டு எழுந்து போனான். நான் அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.